சந்தோஷம் தலைக்குள்ள மட்டுமா இருக்கு? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகளைப் பிரிச்சுப் பார்த்தா பெரும்பாலும் ஒரே எடத்துலதான் வந்து நிக்குது, மனசு ஏன் இப்படி இருக்கு, சந்தோஷமா இருக்க என்ன பண்ணனும்னு. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இந்த தடவை இது ஒன்னையே எடுத்துக்கறேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 26. ஆபீஸ்ல ட்ரெய்னிங் குடுக்க வந்தவர், ரீல்ஸ்ல பேசறவங்க, எங்க மாமா, எல்லாரும் சொல்றது ஒன்னுதான். நெகட்டிவா ஒரு நினைப்பு வந்தா துரத்திடு, பாசிட்டிவா யோசின்னு. நான் துரத்தத் துரத்த அதே நினைப்புதான் ஜாஸ்தியா வருது. என்கிட்டதான் கோளாறா? – கரூர் வாசகர்

உங்ககிட்ட ஒரு கோளாறும் இல்ல தம்பி, மனசோட வேலையே அப்படித்தான். 1987ல டேனியல் வெக்னர்னு ஒரு சைக்காலஜி ஆராய்ச்சியாளர் அமெரிக்கால, டெக்சஸ்ல, காலேஜ் பசங்களை வச்சு ஒரு சோதனை பண்ணார். அஞ்சு நிமிஷம் மனசுல என்ன ஓடுதோ வாய்விட்டு சொல்லுங்க, ஆனா ஒரு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, நினைச்சுட்டா பக்கத்துல இருக்கற மணியை அடிங்கன்னாரு. மணி அடிச்சுக்கிட்டேதான் இருந்தது. அதுக்கப்புறம் சரி இப்ப தாராளமா கரடியை நினைங்கன்னு விட்டப்ப, முதல்லேருந்தே நினைக்கலாம்னு விடப்பட்டவங்களைவிட, அடக்கி வச்சிருந்தவங்களுக்குத்தான் கரடி அதிகமா வந்தது. காரணம் யோசிச்சா புரியும், ஒரு நினைப்பு வரக்கூடாதுன்னா அது வந்துடுச்சா வந்துடுச்சான்னு மனசு உள்ளுக்குள்ள செக் பண்ணிக்கிட்டே இருக்கணும், அந்த செக்கிங்லயே அது வந்துடும்.

இன்னொன்னும் சொல்றேன், இது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. 2009ல கனடாவுல வாட்டர்லூ யுனிவர்சிட்டில ஜோஆன் வுட்டும் அவங்க கூட வேலை செஞ்சவங்களும், மத்தவங்க அன்பு காட்டத் தகுதியான ஆள்தான் நான்னு திரும்பத் திரும்ப தனக்குத்தானே சொல்லிக்க வச்சுப் பார்த்தாங்க. ஏற்கெனவே தன்னைப் பத்தி நல்ல எண்ணம் இருந்தவங்களுக்கு லேசா பலன் கிடைச்சது. தன்னைப் பத்தி மட்டமா நினைக்கறவங்களுக்கோ சொன்னதுக்கு அப்புறம் மனசு இன்னும் மோசமாச்சு. வாய் ஒன்னு சொல்ல உள்ள இன்னொன்னு இல்லன்னு எதிர்த்துப் பேசுது, அதான். ஆக பாசிட்டிவா யோசின்னு எல்லாருக்கும் ஒரே மருந்தைக் குடுத்தா, யாருக்கு உதவி ரொம்பத் தேவையோ அவங்களுக்குத்தான் அது வேலை செய்யாம போகுது.

அப்ப என்னதான் பண்றதுன்னா, துரத்தாம எழுதுங்க. ஜேம்ஸ் பென்னிபேக்கர்ங்கறவர் 1986ல வெளியிட்ட ஆராய்ச்சில, காலேஜ் பசங்க தினம் 15 நிமிஷம்னு நாலு நாள், மனசை அறுக்கற ஒரு விஷயத்தை என்ன நடந்தது, எனக்கு எப்படி இருந்ததுன்னு மறைக்காம எழுதினாங்க. எழுதி முடிச்ச உடனே மனசு கொஞ்சம் பாரமாத்தான் ஆச்சு, ஆனா அடுத்து வந்த மாசங்கள்ல அவங்க டாக்டர்கிட்ட போனது கொறைஞ்சது. அதுக்கப்புறம் எத்தனையோ பேர் இதைத் திரும்ப செஞ்சு பார்த்ததுல பலன் இருக்கு, ஆனா சின்னதுதான்னு தெரியுது, அதையும் சொல்லிடறேன். செலவு ஒன்னும் இல்லையே, ஒரு பழைய நோட்டு போதும்.

எல்லாம் உன் மனசுலதான் இருக்குன்னு சொல்றாங்க பாருங்க, அந்தப் பேச்சுதான் எனக்கு ஒத்துக்கவே மாட்டேங்குது. பாதி விஷயம் மனசுக்கு வெளியிலதான் இருக்கு. அடுத்த கேள்வி அதுக்கு சரியான உதாரணம்.

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரர் கரும்பு போட்டிருக்கார். ஆலையிலேருந்து கட்டிங் ஆர்டர் வர்ற வரைக்கும் எங்க வீட்டுல நரகம்தான். நகையெல்லாம் அடகுல, வெளில கைமாத்து வேற. நல்ல மனுஷன், ஆனா அந்த மாசங்கள்ல சின்ன கணக்கு கூட தப்பாப் போடறார், மோட்டார் போட்டுட்டு மறந்துடறார், புள்ளைங்க மேல எரிஞ்சு விழறார். பணம் வந்ததும் பழைய ஆள் ஆயிடறார். மனசைக் கட்டுப்படுத்தக் கத்துக்கணும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. இது குணமா, வியாதியா? – திருவண்ணாமலை மாவட்ட வாசகி

அம்மா, ரெண்டும் இல்ல. உங்க கடிதத்தைப் படிச்சதும் எனக்கு ஒரு ஆராய்ச்சிதான் ஞாபகம் வந்தது, அது நடந்ததே உங்க மாவட்டத்துலயும் பக்கத்துல விழுப்புரத்துலயும், அதுவும் கரும்பு விவசாயிங்க கிட்டயே. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோன்னு நாலு பேர், 2013ல சயன்ஸ்ங்கற பத்திரிகைல வெளியிட்டாங்க. 54 கிராமத்துல 464 விவசாயிங்க. அதே ஆளை வெட்டுக்கு முன்னாடி ஒரு தடவை, வெட்டு முடிஞ்சு பணம் கையில வந்ததுக்கு அப்புறம் ஒரு தடவைன்னு ரெண்டு முறை பார்த்தாங்க. கரும்புல ஒரு சௌகரியம், யாருக்கு எப்ப வெட்டுன்னு ஆலை முடிவு பண்றதால ஒரே ஊர்ல ஒருத்தருக்கு வெட்டு முடிஞ்சிருக்கும், பக்கத்துக் காட்டுக்காரர் இன்னும் காத்துக்கிட்டிருப்பார், அதனால வெயிலு, மழை, பண்டிகைன்னு காரணம் சொல்லித் தள்ள முடியாது.

ரெண்டு வித டெஸ்ட் வச்சாங்க. ஒன்னு, படம் படமா ஒரு வரிசை இருக்கும், அதுல விட்டுப் போன துண்டு எதுன்னு கண்டுபிடிக்கணும். இன்னொன்னு, 5 5 5ன்னு எழுதியிருந்தா அஞ்சுன்னு சொல்லாம எத்தனை எண் இருக்குன்னு பார்த்து மூணுன்னு டக்குன்னு சொல்லணும். படிப்பு தேவையில்ல, கவனமும் நிதானமும் இருந்தா போதும். வெட்டுக்கு முன்னாடி படக் கேள்விகள்ல சராசரியா ஒரு கேள்வி குறைச்சலா சரியாச் சொன்னாங்க, எண் டெஸ்ட்ல நேரமும் கூட ஆச்சு தப்பும் கூட வந்தது. ஆள் அதே ஆள்தான், மூளையும் அதேதான். ரெண்டாவது தடவைங்கறதால பழகிப்போய் நல்லா பண்ணியிருப்பாங்களோன்னு சந்தேகம் வரக்கூடாதுன்னு, வெட்டு முடிஞ்சதுக்கு அப்புறம் மட்டும் முதல் தடவையா டெஸ்ட் எழுதினவங்களையும் தனியாப் பார்த்தாங்க. வெட்டுக்கு முன்னாடி பொருளை அடகு வச்சிருந்தவங்க 78 சதவீதம், வெட்டுக்குப் பின்னாடி 4 சதவீதம், அந்த வித்தியாசத்தைப் பாருங்க, அதுதான் அந்த மாசங்கள்ல ஒருத்தர் தலையில ஏறி உக்காந்திருக்கற பாரம்.

பஸ்ல ஒரு கையில குழந்தை, இன்னொரு கையில மூட்டைன்னு நிக்கறவங்க கிட்ட சில்லறை எடுங்கன்னா தடுமாறத்தான் செய்வாங்க, அவங்களுக்கு சில்லறை எண்ணத் தெரியாதுன்னா சொல்லுவோம்? உங்க வீட்டுக்காரருக்கு நடக்கறது அதுதான். வட்டி எப்ப கட்டறது, ஸ்கூல் ஃபீஸ் எப்படி, ஆலைக்காரன் எப்ப சொல்லுவான்னு கவனம் பூரா அங்க போயிடறதால மோட்டாருக்கும் கணக்குக்கும் புள்ளைங்களுக்கும் மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான். இதே மாதிரி ஒடிசால இலைத் தட்டு தைக்கிற கூலி ஆளுங்ககிட்ட ஒரு சோதனை நடந்தது. வேலை முடிஞ்சதும் தர்ற கூலியில ஒரு பகுதியை சிலருக்கு மட்டும் முன்கூட்டியே குடுத்தாங்க. மொத்தக் கூலி மாறல, ஆனா முன்னாடி பணம் வாங்கினவங்க கூடுதலா தட்டு தச்சாங்க, கவனக்குறைவால வர்ற தப்பும் கொறைஞ்சது, அதுவும் ரொம்பக் கஷ்டத்துல இருந்தவங்ககிட்டதான் இந்த மாத்தம் நல்லாத் தெரிஞ்சது.

அதனால அவரை உக்கார வச்சு மனசை அடக்குன்னு சொல்லாதீங்க, ஏற்கெனவே நிறைஞ்சு கெடக்கற தலையில அது இன்னொரு வேலை. வெட்டு வர்றதுக்கு முன்னாடி மாசங்கள்ல பத்திரத்துல கையெழுத்து, புது கடன், நிலம் மாத்தறது மாதிரி பெரிய முடிவு எதையும் எடுக்க வேணாம்னு ரெண்டு பேரும் முன்கூட்டியே பேசி வச்சுக்கோங்க. யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதின்னு எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி சுவத்துல ஒட்டுங்க, அது அவர் தலையில இருக்கறதைவிட தாள்ல இருக்கறது நல்லது, நீங்களும் அதைப் பார்க்கலாம். தனியார் அடகுக் கடைல இருக்கறதை கூட்டுறவு சங்கத்துக்கோ பேங்குக்கோ மாத்த முடியுமான்னு வெட்டுப் பணம் வந்த உடனே, அதாவது அவர் தெளிவா இருக்கறப்ப, உக்காந்து பாருங்க. புள்ளைங்ககிட்டயும் அப்பாவுக்கு உங்க மேல கோவம் இல்ல, பணக் கவலைன்னு வயசுக்குத் தகுந்த மாதிரி சொல்லிடுங்க, இல்லன்னா அதுங்க தங்கிட்ட தப்புன்னு நினைச்சுக்கும்.

இந்த கரும்பு விவசாயிங்க ஆராய்ச்சியோட கணக்கு முறையைப் பத்தி பின்னாடி விவாதமெல்லாம் வந்தது, வரட்டும், ஆராய்ச்சின்னா அப்படித்தான். ஆனா கஷ்டத்துல இருக்கறவன் புத்தியில்லாம தப்பான முடிவு எடுக்கறான்னு சொல்ற ஊர்ப்பேச்சை ஆதாரத்தோட எதிர்த்து நிக்க வச்சது இதுதான், அதுக்காகவே இதை எல்லா பேங்க் மேனேஜரும் படிக்கணும்னு நினைக்கறேன்.

கேள்வி: மேடம், பணத்தால சந்தோஷத்தை வாங்க முடியாதுன்னு சயன்ஸே ப்ரூவ் பண்ணிடுச்சு, லாட்டரி அடிச்சவனும் ஆக்சிடென்ட்ல கால் போனவனும் ஒரு வருஷத்துல ஒரே லெவல் சந்தோஷத்துக்கு வந்துடறாங்கன்னு ஒரு வீடியோல பார்த்தேன். உண்மையா? – மதுரை வாசகர்

அந்த வீடியோல சொன்னது தப்பு. அந்த ஆராய்ச்சி நெஜம், ஃபிலிப் பிரிக்மனும் கூட ரெண்டு பேரும் 1978ல அமெரிக்கால இல்லினாய்ஸ்ல பண்ணது. லாட்டரி அடிச்சவங்க 22 பேர், விபத்துல உடம்பு செயலிழந்தவங்க 29 பேர், சாதாரண ஆளுங்க 22 பேர். இப்ப எவ்வளவு சந்தோஷமா இருக்கீங்கன்னு 5க்கு மார்க் போடச் சொன்னதுல லாட்டரிக்காரங்க 4.00, சாதாரண ஆளுங்க 3.82, விபத்துல அடிபட்டவங்க 2.96. லாட்டரி அடிச்சவங்களுக்கும் மத்தவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லங்கறது சரி. ஆனா அடிபட்டவங்க தெளிவா கீழதான் இருந்தாங்க. எல்லாரும் எதிர்பார்த்த அளவுக்கு பாதாளத்துல இல்லங்கறது உண்மை, அதுக்காக ஒரே லெவல்னு சொல்றது அந்த மனுஷங்களோட வலியை இல்லன்னு சொல்ற மாதிரி ஆயிடுது. லாட்டரி விஷயத்துலயும் 22 பேரை வச்சு என்ன முடிவு பண்ண முடியும்? பின்னாடி ஸ்வீடன்ல ரொம்பப் பெரிய அளவுல லாட்டரி ஜெயிச்சவங்களைத் தேடிப் பார்த்து 2020ல வெளியிட்டாங்க, பெரிய பரிசு வாங்கினவங்களுக்கு வாழ்க்கையில திருப்தி பத்து வருஷத்துக்கு மேலயும் கூடுதலாவே இருந்தது. அன்னன்னிக்கு மனசு எப்படி இருக்குங்கறதுல மாத்தம் அதைவிடக் கம்மி.

சம்பளம் பத்தியும் ஒரு பெரிய கதை இருக்கு. 2010ல டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கால எடுத்த நாலரை லட்சம் பதில்களைப் பார்த்துட்டு, வருஷத்துக்கு 75,000 டாலருக்கு மேல சம்பளம் ஏறினாலும் தினப்படி சந்தோஷம் ஏறலன்னு சொன்னாங்க, அது உலகம் பூரா பரவிடுச்சு. 2021ல மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்னு ஒருத்தர், 33,000 பேருக்கு மேல ஃபோன்ல ஒரு ஆப் மூலமா நடு நடுவுல இப்ப எப்படி இருக்கீங்கன்னு கேட்டுப் பார்த்து, இல்லையே ஏறிக்கிட்டேதான் போகுதுன்னாரு. இதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடிச்ச பகுதி, கானமன் நோபல் பரிசு வாங்கினவர், அப்பவே வயசு எண்பத்தஞ்சைத் தாண்டியாச்சு, நான் சொன்னதே சரின்னு உக்காந்திருக்கலாம். அவர் அந்த இளைஞரோடயே சேர்ந்து, பார்பரா மெல்லர்ஸ்ங்கற இன்னொருத்தரை நடுவுல வச்சு, ரெண்டு பேர் கணக்கையும் திரும்பப் போட்டுப் பார்த்தார். 2023ல பதில் வந்தது. பெரும்பாலானவங்களுக்கு வருமானம் கூடக் கூட சந்தோஷமும் கூடுது. ஆனா ரொம்ப வருத்தத்துல இருக்கற அஞ்சுல ஒரு பங்கு ஆளுங்களுக்கு சுமார் ஒரு லட்சம் டாலர் வரைக்கும் வருத்தம் கொறையுது, அதுக்கு மேல பணம் கொட்டினாலும் அந்த வருத்தம் போகல. உறவு முறிஞ்சது, ஆள் போனது, மனநோய், இதுக்கெல்லாம் பணத்துல மருந்து இல்லன்னு எடுத்துக்கலாம்.

ஒன்னு கவனிங்க, இந்த ஏத்தம் விகிதக் கணக்குல வருது. 20,000 சம்பளம் 40,000 ஆனா மனசு எவ்வளவு ஏறுமோ, அதே ஏத்தத்துக்கு ஒரு லட்சம் வாங்கறவருக்கு ரெண்டு லட்சம் ஆகணும். அதனால பணம் முக்கியமில்லன்னு மாசக் கடைசில கையில காசு இல்லாதவங்ககிட்ட யாரும் சொல்லக் கூடாது, அவங்களுக்கு ஒவ்வொரு ஆயிரமும் பெரிசு.

கேள்வி: என் பொண்ணு பிளஸ் டூல ஸ்கூல் செகண்ட். ஒரு மார்க்ல ஃபர்ஸ்ட் போச்சுன்னு ரெண்டு நாளா சாப்பிடல. மூணாவது வந்த பொண்ணு கேக் வெட்டிக் கொண்டாடுது. இவளுக்கு ஏன் இப்படி? – நாகர்கோவில் வாசகி

1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ்ல மெடல் வாங்கினவங்க முகத்தை வீடியோல காட்டி, சம்பந்தமே இல்லாதவங்களை விட்டு யார் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்கன்னு மார்க் போடச் சொன்னாங்க, கார்னெல் யுனிவர்சிட்டிக்காரங்க. வெள்ளி வாங்கினவங்களைவிட வெண்கலம் வாங்கினவங்க முகம்தான் சந்தோஷமா இருந்ததுன்னு வந்தது. வெள்ளிக்காரருக்கு கைதவறிப் போன தங்கம் தெரியுது, வெண்கலக்காரருக்கு மெடலே இல்லாம போயிருக்குமேங்கறது தெரியுது. உங்க பொண்ணு திமிரெடுத்து அழல, மனசு பக்கத்துல இருந்து நழுவினதைத்தான் பெரிசாப் பார்க்கும்.

அழட்டும் விடுங்க. ஆனா வீட்டுல யாரும் ஒரு மார்க்ல போச்சேன்னு உச்சுக் கொட்டாதீங்க, ஃபோன் பண்ற சொந்தக்காரங்ககிட்டயும் நீங்க செகண்ட் வந்திருக்கான்னு மட்டும் சொல்லுங்க. இது இப்படியே எத்தனை நாள் இருக்கும்னு பயப்படறீங்கன்னு புரியுது. டேனியல் கில்பர்ட் குழு அமெரிக்கால காலேஜ் வாத்தியாருங்களைக் கேட்டாங்க, வேலை நிரந்தரம் ஆகலன்னா எப்படி இருக்கும்னு. வருஷக்கணக்குல மனசு உடைஞ்சு கெடப்போம்னாங்க, ஆனா நெஜமாவே கிடைக்காம போனவங்களைப் பார்த்தா கிடைச்சவங்களைவிட அவ்வளவு ஒன்னும் கீழ இல்ல. வலி எவ்வளவு நாள் நிக்கும்னு கணிக்கறதுல மனசு ரொம்ப மோசம், கூட்டித்தான் சொல்லும்.

கேள்வி: நான் சென்னைல ஒரு குடோன்ல வேலை பாக்கறேன். வீடு சின்னது, ராத்திரி புழுக்கம், கொசு, ரோட்டு சத்தம். மத்தியானம் சாப்பிட்டதும் கண்ணு சொக்குது, அரைமணி தலை சாஞ்சா சோம்பேறின்னு திட்டு. தூக்கத்துக்கும் மனசுக்கும் சம்பந்தம் இருக்கா? – வியாசர்பாடி வாசகர்

இருக்கு, நிறையவே இருக்கு, இதுக்கும் உங்க ஊர்லயே ஆராய்ச்சி நடந்திருக்கு. சென்னைல குறைஞ்ச வருமானம் உள்ள 452 பேருக்கு ஒரு மாசம் டேட்டா என்ட்ரி வேலை குடுத்து, கையில தூக்கத்தை அளக்கற கருவி கட்டிப் பார்த்தாங்க, 2021ல வெளிவந்தது. ஆளுங்க 8 மணி நேரம் பாயில படுத்திருக்காங்க, ஆனா நெஜமாத் தூங்கினது அஞ்சரை மணி நேரத்தை ஒட்டித்தான், அதுவும் முழிச்சு முழிச்சு.

சிலருக்கு ராத்திரி நல்லாத் தூங்கறதுக்கு கண்ணை மறைக்கற பட்டை, காது அடைப்பான் மாதிரி சாமானும் ஆலோசனையும் குடுத்தாங்க, ராத்திரி தூக்கம் கிட்டத்தட்ட அரைமணி கூடுச்சு. இதனால வேலையும் மனசும் எங்கயோ போயிடும்னு நிபுணர்கள் சொல்லியிருந்தாங்க. ஒன்னும் ஆகல, வேலைத்திறன்லயோ மனநிலையிலயோ கணக்குல தெரியற மாத்தமே இல்ல. வேற சிலருக்கு மத்தியானம் வேலை செய்யற எடத்துலயே அமைதியா ஒரு மூலைல அரைமணி தூங்க விட்டாங்க. அவங்களுக்கு வேலைத்திறனும் கூடுச்சு, மனசும் நல்லா இருந்தது. தூங்கின நேரம் வேலை நேரத்துல கொஞ்சம் போயிடுச்சுங்கறதும் உண்மை, மறைக்க ஒன்னும் இல்ல.

ராத்திரி தூக்கம் கூட்டியும் ஏன் பலிக்கலன்னா, அந்தத் தூக்கத்தோட தரமே அவ்வளவு மோசமா இருக்கறதாலயா இருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்களே சொல்றாங்க, புழுக்கத்துல கெடச்ச கூடுதல் அரைமணியும் அதே துண்டு துண்டான தூக்கம்தானே. உங்க மேனேஜர்கிட்ட சாப்பாட்டு நேரத்துல இருபது முப்பது நிமிஷம் படுத்துக்கறேன்னு நேராக் கேளுங்க. ஏசி ரூம்ல மெத்தைல படுக்கறவங்க வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ படுக்கறவங்களைப் பார்த்து சோம்பேறின்னு சொல்றது எனக்கு தாங்கவே மாட்டேங்குது.

கேள்வி: எனக்கு 63 வயசு, கவர்ன்மென்ட்ல இருந்து ரிடையர் ஆனேன். பென்ஷன் வருது, பையன் வெளிநாட்டுல நல்லா இருக்கான், மனைவி ரெண்டு வருஷம் முன்னாடி தவறிட்டாங்க. ஒரு குறையும் இல்ல, ஆனா நாள் போக மாட்டேங்குது. புது ஆளுங்ககிட்ட பேச கூச்சமா இருக்கு. – தஞ்சாவூர் வாசகர்

சார், மனைவி தவறினதைச் சொல்லிட்டு அடுத்த வரிலயே ஒரு குறையும் இல்லன்னு எழுதியிருக்கீங்க. அது குறைதான் சார், பெரிய குறை, அதைக் குறைன்னு சொல்லிக்கறதுல தப்பே இல்ல.

ஹார்வர்டுல 1938ல ஆரம்பிச்ச ஒரு ஆராய்ச்சி இன்னிக்கும் ஓடுது. காலேஜ் பசங்க 268 பேர், பாஸ்டன் நகரத்துல ஏழைக் குடும்பத்துப் பசங்க 456 பேர், மொத்தம் 724 பேரை வாழ்நாள் பூரா விடாம தொடர்ந்து, ரத்தப் பரிசோதனை, நேர்ல பேட்டி, பின்னாடி அவங்க மனைவி, பிள்ளைங்கன்னு போய்க்கிட்டே இருக்கு. இப்ப நடத்தறவர் ராபர்ட் வால்டிங்கர், நாலாவது தலைவர். 80 வயசுல யார் ஆரோக்கியமா இருப்பாங்கன்னு 50 வயசுலயே சொல்லணும்னா கொலஸ்ட்ராலைவிட, தன்னைச் சுத்தி இருக்கற உறவுல அவருக்கு எவ்வளவு திருப்திங்கறதுதான் நல்லாச் சொன்னதாம். எல்லாரும் அமெரிக்க வெள்ளை ஆம்பளைங்க, அதனால அப்படியே நமக்குப் பொருத்திப் பார்க்க முடியாது, ஆனா தனிமை உடம்பையும் கெடுக்கும்ங்கறது வேற எத்தனையோ நாட்டு ஆராய்ச்சிலயும் வந்த விஷயம்.

கூச்சத்துக்கு வர்றேன். சிகாகோல ரயில்ல வேலைக்குப் போறவங்களை நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் மூணு குழுவாப் பிரிச்சாங்க, பக்கத்துல இருக்கற தெரியாத ஆள்கிட்ட பேசணும்னு ஒன்னு, பேசாம உக்காரணும்னு ஒன்னு, எப்பவும் போலன்னு ஒன்னு. எப்படி இருக்கும்னு வேற பயணிங்ககிட்ட கேட்டப்ப, தெரியாதவங்ககிட்ட பேசறதைவிட தனியா போறதுதான் நல்லாருக்கும்னு கணிச்சாங்க, ஆனா பேசிக்கிட்டுப் போனவங்களுக்குத்தான் பயணம் ரொம்ப நல்லா இருந்தது. அவங்களும் பேச விரும்ப மாட்டாங்கன்னு ரெண்டு பக்கமும் நினைச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்காங்க. பின்னாடி லண்டன் ரயில்லயும் செஞ்சு பார்த்தாங்க, அங்கயும் அப்படித்தான். நெருங்கின சிநேகம் கூட வேணாம், கனடால ஒரு காபிக் கடைல காபி ஊத்திக் குடுக்கறவரைப் பார்த்துச் சிரிச்சு ரெண்டு வார்த்தை பேசச் சொன்ன ஆளுங்களுக்கே மனசு லேசாச்சு.

தினம் காலைல ஒரே நேரத்துக்கு ஒரே டீக்கடைக்குப் போங்க சார், பார்சல் வேணாம், அங்கயே நின்னு குடிங்க. பேப்பர் படிக்கற ஆளு யாராவது இருப்பாரு, காவேரில தண்ணி விட்டாச்சான்னு கேட்டாலே போதும், தஞ்சாவூர்ல அதுக்கு பதில் சொல்லாத ஆள் கிடையாது. பையன்கிட்ட ஃபோன்ல நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லாம, அம்மா இல்லாம வீடு எப்படி இருக்குன்னும் சொல்லுங்க. அவனும் அம்மாவைப் பத்திப் பேச ஆள் இல்லாமதான் அங்க இருப்பான்.

கேள்வி: அக்கா, என் தம்பிக்கு 22 வயசு. மூணு மாசமா ரூமை விட்டு வரல. கிரிக்கெட்னா உயிரு, இப்ப மேட்ச் கூட பாக்கறதில்ல. சாப்பாடு பாதிதான், ராத்திரி பூரா முழிப்பு. சோம்பேறின்னு அப்பா திட்டறார், டாக்டர்கிட்ட போகலாம்னா எனக்கென்ன பைத்தியமான்னு அவன் கத்தறான். – சேலம் வாசகி

இது சோம்பேறித்தனம் மாதிரி தெரியல கண்ணு. ரெண்டு வாரத்துக்கு மேல, நாள்ல பெரும்பாலான நேரம் மனசு விழுந்து கெடக்கறது, பிடிச்சதுல கூட ஆசை போயிடறது, அதோட தூக்கம், பசி, தெம்பு கெடறது, இதெல்லாம் சேர்ந்து வந்தா டிப்ரஷனான்னு டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும். மூணு மாசம் ரொம்ப அதிகம். நான் எழுத்துல பார்த்து இதுதான்னு சொல்லக் கூடாது, தைராய்டு மாதிரி உடம்புப் பிரச்சினையாலயும் இப்படி வரலாம், அதையும் அவங்க பார்ப்பாங்க.

மன டாக்டர்னு சொன்னா வரலன்னா, தூக்கம் வரலயே, பசி இல்லையே, அதுக்குப் பாக்கலாம் வான்னு கூப்பிடுங்க, அது பொய்யும் இல்ல. மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைல மனநலப் பிரிவு இருக்கு. அதுக்கு முன்னாடி நீங்க மட்டும் பேசிப் பாக்கணும்னாலும் 14416க்கு ஃபோன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண், 2022 அக்டோபர்லேருந்து இருக்கு, தமிழ்ல பேசலாம். மாத்திரை குடுத்தா பலன் தெரிய சில வாரம் ஆகும், நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது.

வீட்டுல பண்ணக் கூடியதும் உண்டு. கோவால ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல ஒரு சிகிச்சை முறையை சோதிச்சு 2017ல லான்செட் பத்திரிகைல போட்டாங்க. டாக்டர் இல்ல, பயிற்சி குடுத்த உள்ளூர் ஆளுங்க, ஆறிலேருந்து எட்டு தடவை உக்காந்து பேசி, மனசு சரியானதும் செய்யலாம்னு காத்திருக்காம, சின்னச் சின்ன வேலையா முதல்ல செய்ய வைக்கறது, மனசு பின்னால வரும்ங்கறது. தீவிர டிப்ரஷன்ல இருந்தவங்ககிட்ட, வழக்கமான வைத்தியத்தோட இதையும் சேர்த்தப்ப மூணு மாசத்துல கூடுதலான பேர் தேறினாங்க. அதனால தம்பிகிட்ட உற்சாகமா இருடான்னு சொல்லாதீங்க, மாடில துணி காயப்போடறேன் ஒரு பக்கம் புடின்னு சொல்லுங்க, அவ்வளவுதான், அஞ்சு நிமிஷம். நாளைக்கு தெருமுனை வரைக்கும் பால் வாங்க. வரலன்னா விட்டுட்டு மறுநாள் கூப்பிடுங்க.

இன்னொன்னு, வாழவே பிடிக்கலன்னு ஏதாவது தோணுதாடான்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடும்னு பயப்பட வேணாம், அப்படி வராது, கேட்டாத்தான் பாரம் இறங்கும். ஆமான்னு சொன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு, தனியா விடக்கூடாது.

அப்பாகிட்ட நீங்க பேசி அவர் கேக்கலன்னா இந்தப் பக்கத்தை மட்டும் மடிச்சு அவர் கையில குடுங்க. சார், பையன் கால் உடைஞ்சு கெடந்தா எழுந்து ஓடுன்னு திட்ட மாட்டீங்க இல்ல, இந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டு நீங்களே கூட்டிட்டுப் போங்க.